48 பேர், 14 பட்டன் போன்: இணையவழிக் கூட்டத்தில் யாருக்கு என்ன அதிகாரம் என்று எப்படி எழுதுவது?

தேன்மொழி (கேள்வி)

வணக்கம். திண்டுக்கல் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு ஒன்றுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் மாதக் கூட்டத்தை இணையவழி நடத்தும் பொறுப்பும் என்னிடம் வந்துவிட்டது. கூட்டத்துக்கு வருபவர்கள் 48 பேர். அதில் 14 பேரிடம் பட்டன் போன்தான். நான்கு பேர் இரண்டிரண்டு பேராக ஒரே போனில் பேசுகிறார்கள்.

இதுவரை இலவசமாகக் கிடைக்கும் ஒரு மீட்டிங் ஆப்பில் நடத்திப் பார்த்தோம். மூன்று கூட்டம் நடந்தது, மூன்றிலும் தகராறு. முதல் கூட்டத்தில் தலைவி அக்காவுக்கு சிக்னல் போனதும் யாருக்குமே எதுவும் செய்ய முடியாமல் போனது. இரண்டாவதில் யாரோ ஒரு உறுப்பினரை மியூட் செய்துவிட்டார்கள். அவர் "என் வாயை அடைத்துவிட்டீர்கள்" என்று அழுதார். யார் செய்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்றாவதில் ஒரு அக்காவின் கடன் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அவரும் லைனில் இருந்தார், 40 பேர் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். நேரில் கூடியிருந்தால் அந்தப் பேச்சு வரும்போது ஐந்து பேர் மட்டும் உள்ளறைக்குப் போயிருப்போம்.

இப்போது தெரிந்த ஒரு தம்பி சொந்த சர்வரில் அமைத்துத் தருகிறேன் என்கிறார். "என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் அக்கா" என்றும் கேட்டிருக்கிறார். நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் "எல்லோருக்கும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும்" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. ஆனால் எங்களுக்கு வந்த மூன்று தகராறும் சத்தத்தால் வந்ததில்லை. இதை எப்படி எழுதுவது? இதற்கென்று ஏதாவது முறை இருக்கிறதா?

நாகராஜன்

தேன்மொழி அம்மா, உங்கள் கடைசி வரிகளிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒலி எப்படிப் போய்ச் சேருகிறது என்பது ஒரு விஷயம், யார் சொன்னால் என்ன நடக்கும் என்பது இன்னொரு விஷயம். நான் 15 வருஷம் பெங்களூரில் கான்ஃபரன்ஸ் பிரிட்ஜ், அதாவது பல போன் லைனை ஒரே கூட்டமாக இணைக்கும் கருவி, செய்யும் வேலையில் இருந்தவன். எங்களிடம் வந்த தேவைப் பட்டியல்களில் முக்கால்வாசி முதல் விஷயத்தைப் பற்றியே இருக்கும். புகார்களோ எல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான் வரும்.

முறை இருக்கிறது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் இதற்காகவே பல வருஷம் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்கள் எண் போட்டு வெளியிடும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 2005 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 4245 தேவைகளை மட்டும் சொல்கிறது. 2006 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 4353 அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முதலில் தேவை, அப்புறம் அமைப்பு. நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

4353 பலர் பேசும் கூட்டத்தை மூன்று விதமாகப் பிரிக்கிறது. முதலாவதில் நடுவில் ஆளே கிடையாது. குரலை வலையில் விடுவார்கள், வேண்டியவர்கள் பிடித்துக் கேட்டுக்கொள்வார்கள். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த ஐஇடிஎஃப் கூட்டத்தை எம்போன் என்ற மல்டிகாஸ்ட் வலையில் ஒலிபரப்பியது அப்படித்தான். கேட்பதற்கு அருமையான வழி. ஆனால் அங்கே ஒருவரை வெளியே அனுப்பவும் முடியாது, யார் கேட்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. இரண்டாவது, ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் நேராக அனுப்புவது. உங்கள் 48 பேருக்கு அது ஒத்துவராது. ஒரு குரலுக்கு விநாடிக்கு 40 கிலோபிட் என்று வைத்தாலும் ஒவ்வொரு போனும் 47 பிரதி அனுப்ப வேண்டும், கிட்டத்தட்ட 1.9 மெகாபிட். கிராமத்து சிக்னல் தாங்காது, பட்டன் போனால் அது முடியவே முடியாது. மூன்றாவது, நடுவில் ஒரு மையம் இருந்து எல்லோரையும் இணைப்பது. உங்களுக்கு இதுதான்.

அந்த மையத்தை அவர்கள் பிரித்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஃபோகஸ் என்று ஒன்று. வருகைப் புத்தகம் அதன் கையில், யார் உள்ளே யார் வெளியே என்பது அதற்குத்தான் தெரியும். ஆனால் அது ஒலியைத் தொடுவதில்லை. ஒலியைக் கலந்து கொடுப்பது மிக்ஸர். யாருக்கு என்ன உரிமை என்ற விதிகள் மூன்றாவதாகத் தனியே இருக்கின்றன. மூன்றும் ஒரே பெட்டிக்குள் ஓடலாம், ஆனால் எழுதும்போது மூன்று பக்கமாக எழுதுங்கள். தலைவிக்கு சிக்னல் போனால் என்ன ஆகும் என்பது விதிப் பக்கத்தில் வரும். உங்கள் ஆப்பில் அந்தப் பக்கம் யாரோ ஒரு புரோகிராமர் மனதுக்குள் மட்டும் இருந்திருக்கிறது.

எனக்கு இது உறைத்த நாள் ஒன்று உண்டு. 2009 என்று நினைவு. ஒரு வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்தும் கூட்டம், லைனில் 60 பேருக்கு மேல் இருந்தார்கள். நடுவில் ஒருவர் இன்னொரு அழைப்பை எடுக்க எங்கள் கூட்டத்தை ஹோல்டில் போட்டார். அவர் அலுவலக எக்ஸ்சேஞ்ச் தன் ஹோல்டு இசையை எங்கள் பிரிட்ஜுக்குள் பாய்ச்ச ஆரம்பித்தது. 60 பேர் காதிலும் ஒரே இசை. அவர் போனில் அவருக்கு அது கேட்காது, அதனால் நடப்பது அவருக்குத் தெரியாது. தலைவர் என்னைக் கூப்பிட்டு "நிறுத்துங்கள்" என்றார். எந்த லைன் என்று கண்டுபிடிக்க எங்களிடம் வழி இல்லை. மியூட் என்பது ஒவ்வொருவரும் தன் போனில் எண்ணை அழுத்திச் செய்துகொள்வதாகவே இருந்தது. ஒவ்வொரு லைனாகத் துண்டித்துப் பார்த்து, 23வது லைனில் இசை நின்றது. அந்த 22 பேரும் திரும்ப டயல் செய்து உள்ளே வந்தார்கள். அந்த பிரிட்ஜில் ஒலித் தரம் பிரமாதம். தேவைப் பட்டியலில் "தலைவருக்கு, சத்தம் எந்த லைனிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்" என்ற வரி மட்டும் இல்லை. அன்றைக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

அதனால் உங்கள் நோட்டில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: யார் பேசுகிறார்கள், யார் மியூட்டில் இருக்கிறார்கள், அந்த மியூட்டை யார் போட்டார்கள் என்பது பட்டியலில் தெரிய வேண்டும். அன்று அழுத அந்த உறுப்பினருக்கு "உங்கள் வாயை யாரும் அடைக்கவில்லை, உங்கள் போனிலேயே பட்டன் அழுந்திவிட்டது" என்றோ, "இன்னார்தான் செய்தார்" என்றோ சொல்லக் கூட்டத்தில் ஆதாரம் இருந்திருக்கும்.

இரண்டாவது: மியூட் செய்வதும் மியூட்டை எடுப்பதும் சமமான அதிகாரம் கிடையாது. தலைவி ஒருவரை மியூட் செய்வது கூட்ட ஒழுங்கு. தலைவியே அவர் மைக்கைத் திறப்பது என்றால், அவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது. அடுப்பங்கரையில் மாமியாரோடு பேசுவது 47 பேருக்குக் கேட்கும். "மியூட்டை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், எடுப்பது அவரவர் கையில்" என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, பேசும் முறை. இதற்கு பிஎஃப்சிபி என்று ஒரு நெறிமுறையே இருக்கிறது, 2006இல் ஆர்எஃப்சி 4582 ஆக வந்து 2021இல் 8855 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. நடைமுறையில் அது வீடியோ அறைகளில் திரைப் பகிர்வை யார் கையில் கொடுப்பது என்பதற்குத்தான் அதிகம் பயன்பட்டது. உங்கள் தம்பி அதைப் போட வேண்டியதில்லை, ஆனால் அதன் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கை தூக்கினால் அது காத்திருக்கும் கோரிக்கை. தலைவி ஏற்றால் வரிசையில் ஓர் இடம். முறை வந்தால் அனுமதி. பேசி முடித்து அவரே விட்டால் அது ஒன்று, தலைவி திரும்ப வாங்கினால் அது வேறொன்று. இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தது வீண் வேலை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். பேச்சைப் பாதியில் பிடுங்கினார்களா, தானாக முடித்தாரா என்று பின்னால் சண்டை வரும்போது அந்தப் பெயர்தான் சாட்சி. இன்னொன்றும் அதில் உண்டு: ஒருவருக்காக இன்னொருவர் கோரிக்கை வைக்கலாம். பட்டன் போன்காரருக்காகப் பக்கத்து வீட்டுப் பெண் தன் ஸ்மார்ட்போனில் கை தூக்கலாம்.

ஒரே போனில் இரண்டு பேர் என்றீர்களே, அதைக் கட்டாயம் எழுதுங்கள். கூட்டத்தின் நிலவரத்தைச் சொல்லும் ஆர்எஃப்சி 4575 வடிவத்தில் ஒரு ஆளுக்குக் கீழே பல போன் வரலாம். ஒரு போனுக்குக் கீழே பல ஆள் என்ற அடுக்கு அதில் கிடையாது. எழுதியவர்கள் வாழ்ந்த ஊரில் அந்தத் தேவை வந்திருக்காது. உங்கள் ஊரில் வருகிறது. வாக்கு எண்ணும்போது லைனை எண்ணினால் இரண்டு பேரின் ஓட்டு போய்விடும்.

இளங்கோ

நாகராஜன் சார் சொன்னதோடு மென்பொருள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். சொந்த சர்வரில் நிறுவக்கூடிய ஜிட்சி, பிக்புளூபட்டன் என்ற இரண்டு கூட்ட மென்பொருளையும் ஒரு கல்லூரியில் நிறுவி நடத்தியிருக்கிறேன்.

ஜிட்சியில் ஃபோகஸ் வேலையைச் செய்யும் துண்டுக்குப் பெயரே ஜிகோஃபோ, ஜிட்சி கான்ஃபரன்ஸ் ஃபோகஸ் என்பதன் சுருக்கம். ஒலி, ஒளியைக் கடத்துவது வீடியோபிரிட்ஜ் என்ற வேறொரு துண்டு. சார் சொன்ன பிரிவினை அங்கே கண்ணுக்குத் தெரியும். ஆனால் விதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள்நுழைவுக் கட்டுப்பாடு எதுவும் வைக்காமல் நிறுவினால் அறைக்கு முதலில் வருபவரே மாடரேட்டர், அதாவது கூட்டத்தை நடத்தும் உரிமை உள்ளவர். எங்கள் முதல் ஆன்லைன் தேர்வுக் கூட்டத்தில் பத்து நிமிடம் முன்னாலேயே வந்த முதலாண்டு மாணவன் மாடரேட்டர் ஆகிவிட்டான். துறைத்தலைவர் சாதாரண ஆளாக உள்ளே வந்தார். மாடரேட்டர் வெளியே போனால் மீதி இருப்பவர்களில் ஒருவருக்குப் பொறுப்பு தானாகப் போகும். யாருக்குப் போகும் என்று நீங்கள் சொல்லவில்லை, அது முடிவு செய்கிறது. ஜிகோஃபோ அமைப்பில் ஆட்டோ ஓனர் என்று ஒரு வரி இருக்கிறது, அதை அணைத்துவிட்டு உள்நுழைவுப் பெயர் கட்டாயம் என்று வைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் பிக்புளூபட்டன் பக்கம் சாய்வேன். இரண்டு காரணம். மற்றவர் மைக்கை மாடரேட்டர் திறக்க முடியாது என்பதுதான் அதன் இயல்பு நிலை, வேண்டும் என்றால்தான் அமைப்பில் மாற்ற வேண்டும். சார் சொன்ன இரண்டாவது வரி அதில் ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம், அதன் ஒலிப் பகுதி பல வருஷமாக ஃப்ரீஸ்விட்ச் என்ற மென்பொருள் மேல் ஓடுவது. அது நிஜமான தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் போல் வேலை செய்யும், குரல்களைக் கலந்து ஒரே ஓடையாகக் கொடுக்கும், போனில் டயல் செய்து வருபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். டயல் செய்து வந்தவர் 0 அழுத்தினால் மியூட், திரும்ப அழுத்தினால் திறக்கும். 14 பட்டன் போனுக்கு இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. தொலைபேசி எண்ணை சர்வரோடு இணைப்பதை உங்கள் தம்பி தானாகச் செய்யக் கூடாது. இந்தியாவில் தொலைபேசி வழியாக ஆடியோ கான்ஃபரன்ஸ் சேவை தர தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நிறுவனத்திடம் எண் வாங்கி, இப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளறைப் பேச்சுக்கு இரண்டிலும் பிரேக்அவுட் அறை, அதாவது சிலர் மட்டும் பிரிந்து பேசும் தனி அறை, உண்டு. ஆனால் பட்டன் போனில் வருபவர்களை அந்த அறைக்கு மாற்றுவது லேசில் நடக்காது. அந்த ஐந்து பேரும் ஸ்மார்ட்போனில் வருவதாக இருந்தால் தொல்லை இல்லை.

தேன்மொழி

நாகராஜன் ஐயா, இளங்கோ அண்ணா, இருவருக்கும் நன்றி. ஹோல்டு இசைக் கதையை எங்கள் செயலர் அக்காவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் போனில் விளம்பரக் குரல் ஓடியது, அது எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிந்தது என்றார்.

ஐந்து பேரில் ஒருவரிடம் பட்டன் போன்தான். பொருளாளர் அவர். அவர் இல்லாமல் கடன் பேச்சு கிடையாது. என்ன செய்யலாம்?

மெஹருன்னிசா

தேன்மொழி அக்கா, கடன் பாக்கிப் பேச்சு என்றதும் எனக்கு வேறொரு கவலை வருகிறது. குரலைக் கலக்கும் சர்வர் எல்லாக் குரலையும் கேட்கிறது. கேட்காமல் கலக்க முடியாது. சர்வரை யார் வைத்திருக்கிறாரோ அவர் நினைத்தால் பதிவும் செய்யலாம்.

கலக்காமல், ஒவ்வொருவர் ஓடையையும் அப்படியே கடத்தும் சர்வராக இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாதபடி பூட்டி அனுப்பலாம். அதற்கான எஸ்ஃப்ரேம் என்ற முறை 2024இல் ஆர்எஃப்சி 9605 ஆக வந்திருக்கிறது. ஆனால் பட்டன் போனில் அந்தப் பூட்டைத் திறக்க வழியே இல்லை. ஒருவர் டயல் செய்து உள்ளே வந்தாலும் அவருக்காக யாரோ நடுவில் பூட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். அதனால் "எல்லோரும் சேர வேண்டும்", "நடுவில் யாரும் கேட்கக் கூடாது" இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள். அந்தத் தம்பி இரண்டுக்கும் சரி என்று தலையாட்டினால் ஒன்றை அவர் விட்டுவிடப் போகிறார் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு பாக்கிப் பேச்சு வெளியே போய் என் அத்தை ஒரு வருஷம் குழுக் கூட்டத்துக்கே போகவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெயர் சொல்லிப் பேசும் கடன் விஷயத்தைக் கூட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

நாகராஜன்

மெஹருன்னிசா சொல்வது சரி. 4245 ஆவணத்தில் கூட்டத்துக்குள்ளேயே சிறு கூட்டம் என்பதும் ஒரு தேவையாக இருக்கிறது, மிக்ஸரிடம் சொன்னால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கலவை கொடுக்க முடியும். முடியும் என்பதற்காக உங்களுக்கு அது வேண்டும் என்று ஆகாது. பொருளாளர் அம்மாவிடம் பட்டன் போன் என்றால், ஐந்து பேருக்கும் தனி நேரத்தில் சாதாரண கான்ஃபரன்ஸ் காலே போதும். அல்லது நேரில் உட்காருங்கள். தேவைப் பட்டியலில் "இது இங்கே நடக்காது" என்று ஒரு வரி எழுதுவதும் தேவை எழுதுவதில் சேர்ந்ததுதான்.

தலைவி விஷயத்துக்கு: அதிகாரத்தைப் போனோடு கட்டாதீர்கள், பதவியோடு கட்டுங்கள். அவருக்கு அடுத்து யார், அவருக்கும் அடுத்து யார் என்று மூன்று பெயரை வரிசையாக எழுதுங்கள். தலைவி திரும்ப வந்தால் உடனே அவர் கைக்குப் போகுமா, அல்லது அப்போது பேசுபவர் முடித்த பிறகா என்பதையும் எழுதுங்கள். ஃபோகஸ் பொறுப்பே கைமாறுவது பற்றியும் 4245 பேசுகிறது, ஆனால் அது இயந்திரத்துக்கு. உங்களுக்கு வேண்டியது ஆட்களுக்கு.

தேன்மொழி

நேற்று ராத்திரி செயலர் அக்காவும் நானும் உட்கார்ந்து எழுதிவிட்டோம். சுருக்கமாக இங்கே போடுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

தலைவி இல்லாவிட்டால் செயலர், அவரும் இல்லாவிட்டால் பொருளாளர். தலைவி திரும்பி வந்தால், பேசிக்கொண்டிருப்பவர் முடித்த பிறகு பொறுப்பு அவருக்கு. மியூட் செய்யும் உரிமை பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும், யார் செய்தார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். யாருடைய மைக்கையும் வேறு யாரும் திறக்கக் கூடாது. கை தூக்கியவர் வரிசை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும், பட்டன் போன்காரர்களுக்காக செயலர் அந்த வரிசையை வாய்விட்டுப் படிப்பார். (இது செயலர் அக்காவின் யோசனை. கண்ணுக்குத் தெரிகிறது என்று எழுதி முடித்தபோது, "14 பேருக்கு ஏது திரை?" என்று கேட்டார்.) வாக்கு ஆள் கணக்கில், லைன் கணக்கில் அல்ல. ஒரே போனில் இருப்பவர்கள் இருவரும் தனித்தனியாகப் பெயர் சொல்லி வாக்குச் சொல்ல வேண்டும். பதிவு கிடையாது, தீர்மானப் புத்தகம்தான் பதிவு. பெயர் சொல்லிக் கடன் பேச்சு இந்தக் கூட்டத்தில் கிடையாது.

ஒலியைப் பற்றி ஒரே வரிதான் வந்தது: பட்டன் போனில் இருப்பவருக்குப் புரியும் அளவு இருந்தால் போதும், வீடியோ வேண்டாம்.

வரும் ஞாயிறு ஆறு பேரை வைத்து ஒத்திகை. நடுவில் தலைவி அக்காவைச் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வரச் சொல்லியிருக்கிறேன்.

நாகராஜன்

நல்ல பட்டியல். வரிசையை வாய்விட்டுப் படிப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒத்திகையில் மட்டும் ஒன்று. தலைவியைச் சிவப்புப் பட்டனை அழுத்தி வெளியே வரச் சொல்லாதீர்கள். அப்படி வந்தால் போன் சர்வருக்கு "போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வரும், பொறுப்பு உடனே கைமாறும், எல்லாம் சரி என்று தோன்றும். சிக்னல் அறுந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. இந்த மென்பொருள்கள் பிரவுசரில் குரலை அனுப்பப் பயன்படுத்தும் வெப்ஆர்டிசி முறையில், மறுமுனையிலிருந்து 30 விநாடி ஒப்புதல் வராவிட்டால்தான் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று ஆர்எஃப்சி 7675 சொல்கிறது. அதுவரை தலைவி பட்டியலில் உயிரோடு இருக்கலாம், செயலர் கையில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். போனை ஏர்ப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். பொறுப்பு செயலர் கைக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, அந்த எண்ணையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.